தொலைந்த பொருள் அறை: பொறுப்பு ஒப்படைப்பு

பாச்சோ,
சாவி இரண்டு. பெரியது அறைக்கு.
சின்னது எதற்கென்று எனக்கும் தெரியாது,
பத்திரமாக வை.

குதாயிஸி பேருந்து நிலையத்தில்
கழிப்பறைக்கும் ரொட்டிக் கடைக்கும் நடுவே
ஒரு ஜன்னல், ஒரு மேசை, முப்பத்தொரு குடைகள்.
ஆகஸ்ட் முழுக்க உன் ராஜ்ஜியம்.
சம்பளம் பத்தாம் தேதி. கேட்டால்தான் தருவார்கள்.

பதிவேட்டில் நான்கு கட்டங்கள்.
பொருள். நிறம். கிடைத்த வண்டி.
நான்காவதுதான் எல்லாவற்றிலும் அகலம்:
பிற விவரங்கள்.
நமக்கு முன்னால் இருந்தவர்கள்
அங்கே ஒரு கோடு இழுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.
ஏழு வருஷக் கோடுகள். எண்ணிப் பார்த்தேன்,
அவ்வளவு வேலை இருந்தது எனக்கு.

முதல் வாரம் நானும் கோடுதான் போட்டேன்.
இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை,
த்ஸ்கால்டுபோ வண்டியில் ஒரு பல்செட் வந்தது.
மேல்வரிசை மட்டும்.
பொருள்: பல்செட். நிறம்: பல் நிறம்.
நான்காவது கட்டத்தில் பேனா தானாக ஓடியது என்று சொன்னால்
அது பொய். பேனா சும்மாதான் கிடந்தது.
எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

'முத்துப் போன்ற பற்கள்' என்று எழுதினேன்.
அடித்தேன். காபிக் கறை இருந்தது அதில்.
'ஆப்பிளைக் கடித்தபடி இறங்குமிடத்தைத் தவறவிட்டவர்.'
அதையும் அடித்தேன்.
வாங்கி வைத்த ரொட்டி ஆறி அட்டையாகிவிட்டது.
கடைசியில் இது நின்றது:
'மாப்பிள்ளை வீட்டார் முன்னால் இவர் வாயே திறக்கவில்லை.
சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.'

வியாழக்கிழமை ஒரு பெண்மணி வந்தார்.
கையெழுத்துப் போடக் குனிந்தவர்
போடாமல் படித்தார்.
வேலை போயிற்று என்று நினைத்தேன்.
"கல்யாணம் இல்லை," என்றார். "வீட்டை விற்றார்கள்."
கையெழுத்திட்டார்.
பல்லைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.
பேனாவையும் சேர்த்து.

க்வான்த்சாவை உனக்குத் தெரியும்தானே,
பள்ளி, பஸ், பள்ளி, என்னிடம் எழுத என்ன இருக்கிறது
என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.
என்னைச் சோதிக்க
வேண்டுமென்றே ஒற்றைக் கையுறையை வண்டியில் போட்டுவிட்டாள்.
நான் எழுதினேன்: 'கைகோக்க ஆள் கிடைத்த கை.'
சுமாராக இருக்கிறது என்றுதான் எனக்குப் பட்டது.
அவளுக்கு வந்ததே கோபம்!
"ஒன்றும் தெரியாமல் எழுதாதே" என்று
பேனாவைப் பிடுங்கினாள்.
கட்டம் போதவில்லை. ஓரத்தில் ஏறினாள்.
அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம்,
அப்பா வேலைக்குப் போன கப்பல்,
அனுப்பிய கையுறை இரண்டும் இடது கையாக இருந்தது,
யாரிடமும் சொல்லாமல் ஒரு குளிர்காலம் முழுக்க
வலதை மட்டும் பாக்கெட்டில் வைத்துக்கொண்டது.
கடைசி வண்டி போயிருந்தது.
இருவரும் ஆற்றோரமாக நடந்தே போனோம்.
அவள் வழி முழுக்க ஒரு வார்த்தையை மாற்றிக்கொண்டே வந்தாள்.

எனக்குக் கற்பனை வராது என்று நேற்று போனில் சொன்னாய்.
வீட்டுப்பாடம் எழுதாததற்கு
ஒரே மாமாவை மூன்று முறை சாகடித்தவன் நீ.
மூன்றாம் முறை
சவப்பெட்டி மாடிப்படியில் திரும்பவில்லை என்றாயே,
அந்த இடத்தில் வகுப்பே உன்னை நம்பியது.

பயமாக இருந்தால் சின்னதாகத் தொடங்கு.
நம் மொழியில் பெரிய எழுத்தே கிடையாது, கவனித்தாயா?
எந்த வாக்கியமும்
தொப்பி மாட்டிக்கொண்டு உள்ளே நுழைய வேண்டியதில்லை.
மோசமாக எழுது. கிழிக்காதே, அடி.
அடித்தது தெரியட்டும்.

மற்றபடி: அலமாரியில் பிளம் சட்னி பாட்டில், திறக்காதே,
ஊதிப்போயிருக்கிறது.
செல்லோ இல்லாத செல்லோ வில் ஒன்று.
வரிசை எண் 212: குழந்தையின் இடது செருப்பு,
சிவப்பு, ஸெஸ்டஃபோனி வண்டி.
பிற விவரங்களைக் காலியாக விட்டிருக்கிறேன்.
கோடு போட்டாயோ, தொலைந்தாய்.

மழை வந்தால் ஜன்னல் ஒழுகும்.
பதிவேட்டை மேசையின் இடது பக்கம் தள்ளி வை.
சின்னச் சாவி எதற்கென்று யாராவது கேட்டால்
உனக்குத் தெரியும் என்று சொல்.

தெக்லே