க்யூ 47, கழிவறைக்கு எதிரில்

பனிக்கட்டி வாங்க விடியற்காலை ஐந்தரைக்கு
பெட்ரோல் பங்கில் நின்றோம், ஆல்பனும் நானும்.
லெட்பரியிலிருந்து பர்மிங்ஹாம் வரை
பின்னிருக்கையில் பாட்டில்கள்
ஒன்றையொன்று தட்டித் தட்டி
எங்களுக்கு முன்பே வியாபாரம் பேசின.

இரண்டுக்கு இரண்டு மீட்டர். அட்டைச் சுவர் மூன்று.
தரைவிரிப்புக்குத் தனிக் காசு.
ஒரு ப்ளக் பாயிண்டுக்கு நூற்றுப் பதினெட்டு பவுண்டு.
ஆகவே எங்கள் குளிர்பெட்டி
மின்சாரமில்லாமலே மரியாதையாக நின்றது,
வயிறு நிறையப் பெட்ரோல் பங்க் பனியோடு.

எதிரில் கழிவறை.
"நல்ல இடம்" என்றான் ஆல்பன்,
"எல்லாரும் ஒருமுறையாவது வந்துதானே ஆகணும்."
வந்தார்கள்.
போகும்போது அவசரம்.
திரும்பும்போது ஈரக் கை.
ஈரக் கையோடு யாரும் கோப்பை வாங்குவதில்லை.

ஈ ஓட்டினோம் என்று சொல்ல ஆசைதான்.
அந்தக் குளிர்ந்த கூடத்தில்
ஓட்டுவதற்கு ஓர் ஈகூட இல்லை.

என் கழுத்தட்டையில் 'ரோவினா பிளெவின்ஸ்',
அதன் கீழே, பெரிய எழுத்தில், 'பார்வையாளர்'.
திருத்தக் கேட்டேன். வரிசை நீளம்.
சரி என்று நாள் முழுக்க
என் கடையை நானே பார்வையிட்டேன்.

பதினொரு மணிக்கு மேல் ஓசிக் கூட்டம்.
"பேரிக்காயா? ஓ."
"போதை கிடையாதா? ஓ."
பேனா தருவீர்களா என்றார் ஒருவர்.
ஒருவர் ஒன்பது கோப்பை குடித்து
கோப்பைக்குள் கோப்பை செருகிக் கோபுரம் கட்டி
பத்திரமாக என் கையில் தந்துவிட்டுப் போனார்.
பேரியைக் குடித்த எவரும்
பேரைக் கேட்கவில்லை.

பேர்: 'கோணல் ஏணி'.
சாய்ந்த ஏணி வரைந்த ஆளுயரப் பதாகை.
மூன்றரை மணிக்கு மூன்றாம் முறையாக
சர்ரென்று அது தன்னைச் சுருட்டிக்கொள்ள,
அதன் பின்னால் நின்றிருந்தார் அவர்,
கழுத்தட்டையைத் திருப்பிப் போட்டபடி.

அட்டையைத் திருப்பிப் போட்டவர்தான் வாங்க வந்தவர்:
இஃபியோமா சொல்லியிருந்தாள்.
பக்கத்துக் கடை. லீட்ஸ்காரி. செம்பருத்திப் பானம்.
இது அவளுக்கு ஆறாவது கண்காட்சி.

ஒரு மிடறு. வாயிலேயே வைத்திருந்தார்.
விழுங்கினார்.
"மார்ச்சுக்குள் நாற்பதாயிரம் பாட்டில்?"

எங்களிடம் இருப்பது அறுபத்து மூன்று மரம்.
அதில் நான்கு வெறும் நிழல்.
மற்றவை ஒரு வருடம் காய்த்தால்
மறு வருடம் முகம் திருப்பிக்கொள்பவை.

"முடியும்" என்றது வாய்.
என் வாய்தான்.
ஆல்பன் ஊற்றிக்கொண்டிருந்தது
கோப்பை தாண்டி, மேசை தாண்டி,
அவன் ஒரே நல்ல கால்சட்டையில் இறங்கியது.
என்னைப் பார்க்கவில்லை. துடைக்கவும் இல்லை.

அவர் கழிவறைக்குள் போனார்.

நான்கு நிமிடம் இருக்கும்.
கதவுக்கு மேலிருந்த பச்சை விளக்கையே பார்த்தபடி
அறுபத்து மூன்றை
எதனால் பெருக்கினாலும் வராத ஓர் எண்ணை
வரவைக்கப் பார்த்தேன்.

கை உதறிக்கொண்டே வந்தார்.
"ஒன்பதாயிரம்" என்றேன். "அதுவும் நல்ல வருடத்தில்."
ஏணி அச்சிட்ட காகிதத் துண்டை நீட்டினேன்.
விரல் விரலாகத் துடைத்தார்.
"பரவாயில்லை" என்றார்.
எது பரவாயில்லை?
நாற்பதா, ஒன்பதா, நடுவில் இருந்த பொய்யா,
கை காய்ந்துவிட்டது என்பதா?
ஆனால் காகிதத்தைக் குப்பையில் போடவில்லை.
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.
பார்த்தேன். ஆல்பனும் பார்த்தானாம்.

ஐந்து மணிக்கு விளக்கில் பாதி அணைந்தது.
மீதி இரண்டு பெட்டி பேரியை இஃபியோமாவுக்குத் தள்ளினேன்.
அவள் இரண்டு பெட்டி செம்பருத்தியைத் தள்ளினாள்.
காசு கைமாறவில்லை.
போணி என்று வைத்துக்கொண்டோம்.

நாள் முழுக்கத் தானே சுருண்ட பதாகை
இப்போது சுருள மாட்டேன் என்றது.
இழுத்தோம், உதைத்தோம், கெஞ்சினோம்.
கடைசியில் பின் ஜன்னலை இறக்கி
அப்படியே செருகிவிட்டோம்.
நெடுஞ்சாலையில் மழை.
ஏணியின் மேல் மூன்று படிகள்
வெளியே நனைந்துகொண்டு வந்தன.