பின்னிருக்கைக் கணக்கு

எனக்கும் ஒரு கைப்பிடி உண்டு. அது திரும்பாது.
டௌவேயின் இருக்கைத் தண்டில் முடுக்கிய குழாய்,
பிடித்துக்கொள்ள மட்டும்.
பிரேக் அவனிடம். கியர் அவனிடம். சாலை அவனிடம்.
மக்குமிலிருந்து ஹார்லிங்கன் வரை
"இப்போ என்ன வேகம்?" என்று
அந்த முதுகைக் கேட்டுக்கொண்டே வந்தேன்.
"போதுமான வேகம்" என்றது முதுகு.

அன்றைக்கே தீர்மானித்தேன்:
எனக்கென்று ஒரு மீட்டர்.

ஸ்நேக் கடையில் மூன்றை எடுத்து வைத்தார்கள்.
ஒயர் உள்ளது,
முன்சக்கரத்திலிருந்து என் கைக்கு எட்டாது.
ஒயர் இல்லாதது,
எழுபது சென்டிமீட்டருக்கு மேல் அதற்குக் காது கேட்காதாம்.
மூன்றாவது வானத்தைக் கேட்டு
நாம் இருக்கும் இடத்தைச் சொல்லும்.
எனக்கு என் இடம் தெரியும்,
டௌவேக்குப் பின்னால்.

ஒயர் உள்ளதையே வாங்கினேன்.
சக்கரத்தை மாற்றிக்கொண்டேன்.
பின்சக்கரத்துக் கம்பியில் காந்தம்,
சட்டத்தோடு பதினோரு பிளாஸ்டிக் கட்டு,
சுற்றிவிட்டுக் காது வைத்தால்
டிக், டிக்.

இனி, சக்கரத்தின் சுற்றளவைச் சொல்ல வேண்டும்.
கையேட்டு அட்டவணை 2136 மில்லிமீட்டர் என்றது.
டௌவே தன் மீட்டரில் அதைத்தான் தட்டியிருந்தான்,
அச்சில் வந்தால் நம்புகிறவன்.
அட்டவணைக்கு நாங்கள் இருவரும் ஏறி உட்கார்ந்தது தெரியுமா?
டயரில் ஒரு பொட்டு வெள்ளைப் பெயின்ட்.
இருவரும் ஏறி, சுவரைப் பிடித்து,
மூன்று சுற்று உருண்டோம்.
தரையில் விழுந்த பொட்டுகளை
அடுத்த வீட்டு யெல்மர் டேப்பால் அளந்தான்.
மூன்றால் வகுத்தேன்: 2119.
"அப்படின்னா ரெண்டு பேரும் எத்தனை கிலோ?"
என்று கேட்டான் பையன்.
அந்த எண்ணை எந்தப் பெட்டியிலும் நாங்கள் ஏற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடலணை வழியே போய்த் திரும்பினோம்.
என் பெட்டியில் அறுபது கிலோமீட்டர்.
அவனுடையதில் அறுபதரைக்கு இருபது மீட்டர் குறைவு.
ஒரே வண்டி, ஒரே செயின்.
"முன்னால் போகிறவன்
கொஞ்சம் கூடத்தான் போவான்" என்றான்.

இன்னொன்று சொல்லவில்லையே.
பெட்டியோடு ஒரு மார்புப்பட்டை வந்தது, துடிப்பை எண்ண.
அவனிடமும் அதே கம்பெனியின் பழைய பட்டை.
ஹின்டலோபன் தாண்டி, தென்மேற்குக் காற்றில்,
என் பெட்டி 148 காட்டியது.
நானோ மூச்சு வாங்காமல்
ஆடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
பெடலில் அழுத்துவதை நிறுத்தினேன்.
கால்கள் சுற்றின, அவன் சுற்றியதால்.
எண் இறங்கவில்லை.
கழுத்தில் விரல் வைத்து எண்ணினேன்:
தொண்ணூற்றாறு.

புரிந்தது.
என் கைப்பிடி அவன் இருக்கையடியில்;
என் நெஞ்சைவிட அவன் நெஞ்சு
இந்தப் பெட்டிக்குச் சத்தமாகக் கேட்கிறது.

"கஷ்டமா இருக்கா?" என்றேன்.
"இல்லையே" என்றது முதுகு.
149.
ஓரமாக ஒரு டிராக்டர் உரசிப் போனது.
முதுகு அசையவில்லை.
163.

பத்தொன்பது வருடமாக "இல்லையே" கேட்டவள் நான்.
முதல் முறையாக அதன் அடியில்
எண் போட்டிருந்தது.

கடைக்காரர் சொன்னார்:
குறியீடு உள்ள பட்டை இருக்கிறது,
ஒன்றோடொன்று கலக்காது,
இருபத்தொன்பது யூரோ.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

இப்போது 140 தாண்டினால்
பேச்சை நிறுத்திவிடுவேன்;
தொடையில் பலம் கூட்டுவேன்.
135. 131.
"காத்து கொஞ்சம் விழுந்த மாதிரி இல்லே?"
என்பான் டௌவே, திரும்பாமலே.
நாணல் அத்தனையும்
எங்களை நோக்கித் தலை சாய்த்தபடி நிற்கும்.
"ஆமாம்" என்பேன்.

2136-ஐ மட்டும் அவன் மாற்றுவதாக இல்லை.
மே முதல் இதுவரை
என்னைவிட ஒன்பது கிலோமீட்டர்
அதிகம் போயிருக்கிறான்.