எட்டரை மணி அளவு

ராத்திரி ஒன்றரைக்குக் கரண்ட் வந்தது.
போனைச் சொருகினேன்.
முதலில் டேட்டா முடியப்போகிறது என்ற செய்தி,
பிறகு மெதுமெதுவாக, மேலிருந்து கீழாக,
இந்து சமுத்திரம்.

நான் மழை அளக்கிறவள்.
அப்புத்தளை முகட்டில், பெக்டரிக்குப் பின்னால்,
முள்வேலிக்குள் நிற்கும் தகர உருளைக்குப் பொறுப்பு.
பெரட்டுக் கலைந்து எல்லாரும் மலையேறிய பிறகு
ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு கொப்பி, ஓர் இலக்கம்.
சம்பளச் சீட்டில் இந்த வேலைக்குத் தனிப் பெயர் இல்லை.

படத்தில் தெற்கே, வெகு தெற்கே,
கடல் ஆப்பச்சட்டியாய்ப் பொரிந்து கிடந்தது:
வெள்ளை விளிம்பு, நடுவில் கறுப்புத் துளை,
பக்கத்தில் இன்னொரு துளை, இன்னொன்று,
ஆயிரம் மைலுக்கு மூடி போடாத மாவு.
அதற்கு இப்பால் மேகங்கள் நிரை பிடித்திருந்தன,
இடைவெளி விட்டு, நேர் நேராய்,
எங்கள் ஆட்கள் பிடிக்கிற அதே மாதிரி.
காற்றுதான் கங்காணி போலிருக்கிறது.
பின்தங்கின ஒன்றிரண்டு உருண்டைகள்
கரை காணுமுன்னே கரைந்துபோயிருந்தன.
அதுகளுக்கு அரைப்பேர்.

துளைகளுக்கு நடுவே ஒரு கோடு தேடினேன்.
கப்பல் புகை மேகத்தில் கோடு இழுக்கும் என்று
தம்பி டிலக்‌ஷன் சொன்னதிலிருந்து தேடுகிறேன்.
டர்பனிலிருந்து பிரீமண்டில் போகிற கப்பலில்
அவன் வெங்காயம் உரிக்கிறான்.
"அக்கா, படத்தில ஒரு கீறல் தெரிஞ்சா அது நாங்கதான்."
எத்தனையோ கீறல்.
ஒன்று என் போன் கண்ணாடியில்;
விரலால் தடவிப் பார்த்துத்தான் தெரிந்தது.

கிழக்கே ஒன்று சுருண்டிருந்தது.
கொண்டை முடிகிறபோது
கடைசிச் சுற்றுக்கு முன் கை ஒரு கணம் நிற்குமே,
அப்படி.
அழகு என்று வாய்விட்டுச் சொன்னேன்.
சொல்லிவிட்டு எங்கள் தீவைத் தேடினேன்.
தீவு இல்லை.
அது இருக்க வேண்டிய இடத்தில்
கொண்டையிலிருந்து பிரிந்த ஒரு மயிர்க்கற்றை,
வெள்ளையாய்.

அந்த வெள்ளைக்குக் கீழே
ஐந்தாம் நம்பர் லயத்தில்
கல் வைத்த தகரம் தடதடத்தது.
பின்பக்க மண்மேட்டு வெடிப்புக்குள்
தேவகாந்தி டோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
வெள்ளிக்கிழமை அதில் ஒரு விரல் போகும்.
இப்போது முழங்கை வரை போனது.
போவமா, விடிய மட்டும் பார்ப்பமா என்றாள்.
கையில் போன் இன்னும் வெளிச்சமாய் இருந்தது.
போவம் என்றேன்.
கோயில் மண்டபத்துக்கு
நாற்பத்தொரு பேர், இரண்டு ஆடு, ஒரு டீவி.

காலை எட்டரைக்கு உருளை வழிந்திருந்தது.
குழாயில் நிரப்பி, ஊற்றி, நிரப்பி, ஊற்றி
இருநூற்றுப் பதினேழு என்று எழுதினேன்.
வழிந்து போனது எவ்வளவு என்பதற்குக்
கொப்பியில் கட்டம் இல்லை.
ஐந்தாம் நம்பரில் கடைசி மூன்று காம்பரா
பள்ளத்தில் கிடந்தது. அதற்கும் இல்லை.

டிலக்‌ஷன் படம் அனுப்பியிருந்தான்:
நீலக் கடல், ஒரே ஒரு மேகம்,
ஓரத்தில் அவன் கட்டைவிரல்.
"இங்க நல்ல வெயில். அங்க?"

அளந்த தண்ணீரை வைத்திருக்கக் கூடாது, அது விதி.
இந்த முகட்டில் வடக்கே சிந்தினால் உமா ஓயா,
மகாவலி, திருகோணமலை.
தெற்கே சிந்தினால் வளவை, பிறகு பெருங்கடல்.
இத்தனை வருசமும் கால் நின்ற பக்கம் ஊற்றினேன்.
இன்று கடைசிக் குழாயைப் பிடித்துக்கொண்டு
சேற்றில் கொஞ்சம் நின்றேன்.
தெற்கே ஊற்றினேன்.
பிறகு அவனுக்கு
இலக்கத்தை மட்டும் அனுப்பினேன்.