விழுந்த பத்து, எழுந்த பத்து

கல்லாவுக்கு என்னை மாற்றிய அன்றே
கால்குலேட்டரில் ஏழாம் பொத்தான் செத்துக் கிடந்தது.
"வேற வாங்கித் தரேன்" என்றார் முதலாளி.
மூன்று தீபாவளிக்கு முந்தைய பேச்சு அது.

ஆகவே,
மஸ்ஜிட் இந்தியா சாலைத் துணிக்கடையில்
ஏழு வரும் பில்லையெல்லாம்
மண்டைக்குள்தான் போடுகிறேன்.

என் கணக்கின் இலட்சணம்
எஸ்.பி.எம். சான்றிதழுக்குத் தெரியும்.
பீரோவின் அடித்தட்டில்
முகம் கவிழ்த்துப் படுத்திருக்கிறது.
எனக்கு நானே போட்டுக்கொண்ட முடிச்சுகள்தான் துணை.
செந்தூல் தீமோரில் ரயில் ஏறினால்
மஸ்ஜிட் ஜாமெக் வருவதற்குள்
ஒரு சுற்று அவிழ்த்துக் கட்டிவிடலாம்.

விழுக்காட்டுக் குறியில் இரண்டு சுழி.
இரண்டு சுழிக்கு இரண்டு தாவல்.
முப்பத்தைந்தா,
புள்ளி இடப்பக்கம் தாவி
மூன்றுக்கு முன்னால் குந்தும்.
வெறும் ஏழு என்றால்
இடையில் ஒரு சுழியனை உட்காரவை.
மறந்தால் ஏழு எழுபதாகிக்
கல்லாவையே தின்றுவிடும்.

க் என்றால் மூச்சு முட்டுகிறது.
புள்ளியை எடு,
க என்று காற்று வருகிறது.
இரண்டு புள்ளி ஐந்தும் அப்படித்தான்,
எடுத்தால் இருபத்தைந்தாக ஊதிக்கொள்ளும்.
பெரும்புள்ளி என்று யாரைச் சொன்னாலும்
எனக்கு இப்போது சிரிப்பு வருகிறது.
கடுகளவு புள்ளி, ஓர் இடம் நகர்ந்தால் பத்து மடங்கு.
எந்த டத்தோவால் முடியும்?

கால், இருபத்தைந்து.
அரைக்கால், பன்னிரண்டரை.
பட்டுப் பிரிவு லோகமாலா
பாதம் வீங்கி நொண்டி வந்த வாரம்
அவள் நடையைப் பார்த்தே மனப்பாடம் செய்தேன்:
ஒன்றே அரைக்கால்,
ஒன்று புள்ளி ஒன்று இரண்டு ஐந்து.
ஹேங்கரால் அடித்தாள்.
இன்றுவரை மறக்கவில்லை.

ஐம்பது வெள்ளிச் சுடிதாருக்குப்
பதினெட்டு விழுக்காடு கழிவா?
துணியைப் போலத் திருப்பிப் போடு.
பதினெட்டுக்கு ஐம்பது.
பாதி.
ஒன்பது வெள்ளி.

போன சனிக்கிழமை
வாசல் பலகையில் "இருபது + பத்து" என்று எழுதியிருந்தது.
"முப்பதுதானே லா" என்று சண்டைக்கு வந்தார் ஒருவர்.
இல்லையண்ணே,
இரண்டாவது கத்தரி முழுத்துணியை வெட்டாது,
மிச்சமிருக்கும் எண்பதைத்தான் வெட்டும்.
எட்டு.
ஆக இருபத்தெட்டு.

சொல்லி முடித்தபோது
என் வாயே என்னைப் பிடித்து நிறுத்தியது.

நடமாட்டக் கட்டுப்பாட்டு வருடம்
எங்கள் சம்பளத்தில் பத்து விழுக்காடு பிடித்தார்கள்.
ஆயிரத்து எண்ணூறு
ஆயிரத்து அறுநூற்று இருபது ஆனது.
இந்த மாதம் பத்து ஏற்றி
லட்டுப் பெட்டியும் தந்தார் முதலாளி.
"பிடிச்சத அப்படியே திருப்பிட்டேன்மா."
நாங்களும் கைதட்டினோம்.

விழுந்த பத்து, உயரத்திலிருந்து விழுந்த பத்து.
எழுந்த பத்து, பள்ளத்திலிருந்து எழுந்த பத்து.
பத்தில் பத்து, நூற்றில் ஒன்று,
நடுவில் எங்கோ உதிர்ந்துவிடும்.
ஆயிரத்து எழுநூற்று எண்பத்திரண்டு.
ஏழு வரும் எண்.
மண்டைக்குள் போட்டதால்தான் அகப்பட்டது.

முதலாளி நம்பவில்லை.
அவருக்கும் தெரிந்திருக்காது, பாவம்,
லட்டு நல்ல கடையில் வாங்கியது.
கால்குலேட்டரை இழுத்தார்.
ஒன்று ஆறு இரண்டு சுழியம்,
பெருக்கல், ஒன்று புள்ளி ஒன்று.
பொத்தானில் செத்துப்போன ஏழு
திரையில் உயிரோடு வந்து நின்றது.

அழித்துவிட்டு இன்னொரு தரம் போட்டார்.
மறுபடியும் வந்தது.

"பதினெட்டு வெள்ளிதானே" என்றார் கடைசியில்.

ஆமாம்.
பத்து மாதத்துக்கு நூற்றெண்பது,
இரண்டு மாதத்துக்கு முப்பத்தாறு,
கூட்டிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

பட்டுப் பிரிவிலிருந்து
சேலையை மடித்தபடி, தலை நிமிராமல்,
கடை முழுக்கக் கேட்கச் சொன்னாள் லோகமாலா:
"இருநூத்திப் பதினாறு."