பூச்சியம்

காலமை ஐந்தே முக்காலுக்குப் பண்ணைப் பாலம்.
களங்கட்டித் தடிகளில்
ஒவ்வொன்றுக்கும் ஒரு நீர்க்காகம்,
நிரந்தர நியமனம் கிடைத்ததுபோல.

நான் சைக்கிளில் வேலணைக்குப் போகிறேன்.
காற்றாடி பத்து. ஒவ்வொன்றின் அடியிலும்
அறுபது மீற்றர் ஆரை, ஐந்து மீற்றர் இடைவெளி,
குனிந்த தலை.
தேடுவது: செத்த பறவை, செத்த வௌவால்.
ஓரிடத்தில் ஐந்து இறகுக்கு மேல் கிடந்தால்
அதுவும் ஓர் உடலாகக் கணக்கு.
விலங்கியல் சிறப்புப் பட்டம், இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு.
நாலாம் வருடத்தில் நண்டின் செவுளுக்குள்
ஒட்டுண்ணி தேடினதும் குனிந்துதான்.

மூன்று மாதக் கொன்ட்ராக்ட்.
உடல் கிடைத்தால்
ஆய்வு இன்னும் மூன்று மாதம் நீளும்.
கிடைக்காவிட்டால் 'பாதிப்பு இல்லை' என்று
ஓர் அறிக்கை, ஒரு கைகுலுக்கல்.
இதைச் சொன்ன கொழும்புக்காரர் சிரிக்கவில்லை.
நானும்.

அவரே சில நாள் விடியமுன் வந்து
செத்த கோழிக்குஞ்சுகளைப் பற்றைக்குள் ஒளித்துவைப்பார்,
என் கண்ணுக்குப் பரீட்சை.
பத்தில் ஏழு எடுத்தேன்.
மிச்சம் மூன்றையும் எடுத்தது
காது கிழிந்த ஒரு செவலை நாய்.
டிகிரி இல்லை. பயணப்படி கேட்காது.
எனக்கு முந்தியே வந்து நின்று
வாலாட்டும், சக ஊழியர் மாதிரி.

ஸ்கூட்டிக்கு லீசிங் கேட்டு
ஸ்ரான்லி வீதிக்குப் போன அன்று
படிவம் நிரப்பினவன் சுபாங்கன். என் பட்ச்.
பாம்புச் செதில் எண்ணுவதில் எங்களில் கெட்டிக்காரன்;
இப்ப கழுத்துப்பட்டி, வட்டிவீதம்.
"தொழில் எண்டு என்ன போட?"
"உயிரியலாளர் எண்டு போடு."
கணினிக்குள் அப்படியொன்று இல்லை.
ஆசிரியர் இருக்கிறது, மேசன் இருக்கிறது,
வெளிநாட்டுப் பணம் என்றுகூட ஒரு தொழில் இருக்கிறது.
'ஏனையவை'யை அழுத்தினான்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"மண்டைதீவில பூநாரை இறங்கிட்டுதாம், எத்தினை?"
முந்நூற்றுப் பத்து என்றேன்.
முத்திரையை மைக்குள் குத்தினபடி
கொஞ்சநேரம் பேசாமல் இருந்தான்.

பதினோராம் கிழமைவரை பூச்சியம்.
பூச்சியம் நல்ல செய்தி என்று
படித்த மூளைக்குத் தெரியும்.
ஆனால் ஐந்தாம் காற்றாடியடியில்
அன்று அண்ணாந்து பார்த்தபோது
சுற்றுகிற அலகுக்குள்ளால் உள்ளான் கூட்டமொன்று
துணி மடிவதுபோல் மடிந்து, விரிந்து,
ஒன்றுகூடக் குறையாமல் தப்பிப் போக,
எனக்குள் ஏதோ ஒன்று
"சீ" என்றது.
அதை எந்தப் படிவத்திலும் எழுதவில்லை.

பன்னிரண்டாம் கிழமை, செவ்வாய்.
தாழம்பற்றையோரம் கருவால் மூக்கன் ஒன்று,
நீளச் சொண்டு மணலில் குத்தி,
ஒரு சிறகு மட்டும் காற்றுக்கு அசைந்துகொண்டு.
நாய் பக்கத்தில் இருந்தது. தொடவில்லை, ஏனோ.
காலில் வளையங்கள்: மஞ்சள், சிவப்பு,
மேலே ஓர் உலோக இலக்கம்.
சந்தோஷப்பட்டேன். ஓம்,
முதல் அரை நிமிடம்.
பிறகுதான் அதன் நெஞ்சில் கை வைத்தேன்.

இலக்கத்தை அனுப்பி நாலாம் நாள்
பனி கொட்டுகிற ஏதோ ஊரிலிருந்து பதில்.
குஞ்சாக இருக்கையில் தானே பூட்டின வளையம் என்று,
வயது ஏழு என்று,
அது இவ்வளவு தூரம் வருமென்று
நினைத்திருக்கவில்லை என்று ஒரு பெண்.
கடைசி வரி:
மார்ச்சோடு என் ஒப்பந்தம் முடிகிறது,
இனி ஏதும் கிடைத்தால்
இந்த முகவரிக்கு எழுதவேண்டாம்.

நீடிப்புக் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது.
காரணம் என்ற இடத்தில், 'உடல்: ஒன்று.'
ஸ்கூட்டியின் முதல் தவணையைக் கட்டினது நானில்லை,
இருநூற்றெழுபது கிராம் பாரமான அந்தப் பறவை.
சுபாங்கனுக்குச் சொன்னேன்.
பற்றுச்சீட்டை என்னிடம் கிழித்துத் தந்துவிட்டு
வளைய இலக்கத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டு
அடிக்கட்டையின் பின்பக்கத்தில்
எழுதி வைத்துக்கொண்டான்.