முந்தைய தேதி

செத்த பிறகும் ஆரோக்கியமாக இருந்தது
என்று எழுதித் தரவேண்டும்.
விதி அப்படி.
உயிரோடு ஒருமுறை பார்க்கவேண்டும்:
நடை, மூச்சு, வாயில் புண் உண்டா.
தோலுரித்துத் தொங்கவிட்டு இன்னொருமுறை:
ஈரல், நுரையீரல், நிணநீர்க் கட்டிகள்.
அச்சு கறுப்பென்றால்
மருத்துவரின் மை வேறு நிறமாக இருக்கவேண்டும்,
ஒரு கை வந்துபோனது தெரிவதற்காக.

நவா சேவா. மே மாதம். பகல் பதினொன்று.
தார் இளகும் முற்றத்தில்
மைனஸ் பதினெட்டோடு நிற்கிறது கண்டெய்னர்.
கதவைத் திறந்ததும் குளிர்
வெள்ளையாக இறங்கி என் ஷூவை மூடுகிறது.
நானூற்றுப் பன்னிரண்டு பெட்டி ஆட்டுத்தொடை.
வெப்பநிலைப் பதிவில் முப்பத்தொரு நாளும் ஒரே கோடு,
கடல் ஆடியதாகவே அதற்குத் தெரியாது.
பன்னிரண்டு மாதமாக அங்கே கோமாரி இல்லை.
ஆட்டம்மை இல்லை. ஆட்டுக்கொல்லி இல்லை.
முத்திரை எண் சரி.
மை நீலம். அதுவும் சரி.

வெட்டிய நாள் பதினான்கு.
செத்த பிறகும் நலம் என்று
கையெழுத்திட்ட நாள் பதின்மூன்று.

ஏஜெண்ட் ரெபெல்லோ பூதக்கண்ணாடி கேட்டார்.
கொடுத்தேன்.
மூன்று நான்காகுமா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"டைப்பிங் மிஸ்டேக், மேடம்."
கையால் எழுதியிருக்கிறது, ரெபெல்லோ.
"கறி நல்லா இருக்கே. தொட்டுப் பாருங்க, கல் மாதிரி."
நல்லாத்தான் இருக்கிறது.
எழுதின அன்றைக்கு அது கறி இல்லை.
மேய்ந்துகொண்டு நின்றிருக்கிறது.

அந்த மருத்துவரை நான் பார்த்ததில்லை.
பெயரில் மூன்று மெய்யெழுத்து முட்டிக்கொண்டு நிற்கிறது,
வாய்க்குள் நுழையவில்லை.
பதின்மூன்று வெள்ளிக்கிழமை. காலண்டரைப் பார்த்தேன்.
ரப்பர் பூட்ஸைக் கழற்றிவிட்டு
நாளைக்குரியதையும் இன்றே முடித்துவிட்டுப்
போயிருக்கவேண்டும் வீட்டுக்கு.
இத்தனை நிச்சயமாக எப்படிச் சொல்கிறேன் என்றால்

ஓசூர் சந்தை. வேலையில் இரண்டாம் வருஷம்.
அறுபது மஞ்சள் அட்டை.
ஊசியை விடியற்காலையில் போட்டுக்கொள்ளலாம் என்று
ராத்திரியே கையெழுத்துப் போட்டேன்.
ராத்திரி மழை பிடித்தது.
விடிந்து நான் போனபோது சந்தை கலைந்திருந்தது,
சேற்றில் குளம்புத் தடம் மட்டும்.
அறுபது ஆடுகள் என் பெயரோடு லாரி ஏறிவிட்டன.
பெட்டிக்குள் மருந்து
ஐஸ் உருகாமல் அப்படியே இருந்தது.

எதுவும் நடக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.
எந்த ஊருக்குப் போயின என்று
விசாரித்ததில்லை.

ரெபெல்லோ போனில் யாருக்கோ மராத்தியில் சொல்கிறார்:
பாய் கடுப்பில் இருக்கிறாள், நாளை பார்ப்போம்.
நாளைக்கும் பதின்மூன்று பதின்மூன்றுதான்.
திருப்பி அனுப்பு, இல்லையேல் அழி.
படிவத்தில் இரண்டே கட்டம்.
அழிப்பதென்றால் குழி, சுண்ணாம்பு, சாட்சிக்கு ஒருவர்.
பூட்டிக் கொளுத்தவும் செய்யலாம்,
ஆனால் அந்த உலைக்குப் போன வாரத்திலிருந்து
உடம்பு சரியில்லை.
திருப்பி அனுப்பினால் இன்னொரு முப்பத்தொரு நாள்
அதே கோட்டில்,
புறப்பட்ட புல்வெளியைத் தாண்டி ஏதோ ஒரு கிடங்குக்கு.

ஹார்பர் லைனில் தினமும் ஜன்னலோரம் நிற்பேன்.
நெருல் தாண்டும்போது சதுப்பில்
இன்னும் கிளம்பாத பூநாரைகள்
ரோஜா நிறத்தில் தலைகீழாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.
ஒன்றிடமும் பறவைக்காய்ச்சல் இல்லையென்ற தாள் கிடையாது.
பெட்டியே எழுந்து போட்டோ எடுக்கும்.
நானும் எடுத்திருக்கிறேன்.

கதவைச் சாத்தினார்கள்.
கம்ப்ரெஸர் மறுபடி முனகத் தொடங்கியது.
காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்:
பரிசோதனைக்கு முன்பே சான்றளிக்கப்பட்டுள்ளது.
கீழே கையெழுத்து.
அதற்குக் கீழே தேதி.
பேனாவை வைத்துவிட்டு
இன்றைக்கு என்ன தேதி, ரெபெல்லோ என்றேன்.
எனக்குத் தெரியும்.
இன்னொரு வாயிலிருந்து கேட்டுவிட்டு
எழுதினேன்.