சூடாறும் வரை

நார்வாவில் நாங்கள் எரிப்பது கரியல்ல, கல்.
எண்ணெய் ஊறிய பழுப்புக் கல்.
உடைத்துப் பார்த்தால் உள்ளே சிப்பி இருக்கும்,
பெயர் தெரியாத பூச்சியின் விலா இருக்கும்.
நாற்பத்தைந்து கோடி ஆண்டுக்கு முந்திய கடலை
வேகன் வேகனாகக் கொண்டுவந்து
கொதிகலனுக்கு ஊட்டுகிறோம்.
பாதி நெருப்பு, பாதி சாம்பல்.
நெருப்பு நீரை விரட்டும்,
நீராவி தகடுகளை விரட்டும்,
நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று.
செம்புச் சுருளுக்குள் காந்தம் சுழல,
தாலினில் யாரோ தேநீர் வைப்பார்கள்.

சாம்பலைக் குன்றாகக் குவித்தோம்.
அந்தக் குன்றின் மேல்தான் இப்போது
காற்றாலைகள் நிற்கின்றன.
அவையும் சுற்றத்தான் செய்கின்றன,
அவற்றோடு எனக்குப் பகையில்லை.
சூரியத் தகடுதான் பிடிபடவில்லை:
எதுவும் சுற்றாமல், சத்தமும் போடாமல்
வெயிலில் மல்லாந்து கிடந்தே
சம்பளம் வாங்கிவிடுகிறது.

ஜனவரியில் கதை வேறு.
மைனஸ் இருபத்தாறு. காற்றும் உறைந்து நின்ற இரவில்
போன் மேல் போன்:
"தைசியா, இன்னும் கொஞ்சம் ஏற்ற முடியுமா?"
ஏற்றினேன்.

இன்று மே மாதத்து ஞாயிறு.
காற்றும் வெயிலும் போட்டி போட்டு ஊற்ற
மின்சாரத்தின் விலை பூஜ்யத்துக்கும் கீழே.
பன்னிரண்டே காலுக்கு ஹில்லார் அழைத்தான்:
"மூன்றாம் யூனிட்டை இறக்கிவிடுங்கள்."
மறுபடி எப்போது?
"சொல்கிறோம்."

இறக்கினேன்.
மூவாயிரம், இரண்டாயிரம், எண்ணூறு.
உறுமல் முனகலாகி, முனகல் மூச்சாகி...
ஆனால் முழுக்க நிற்க விடக்கூடாது.
டன் கணக்கில் எஃகுத் தண்டு,
உள்ளே இன்னும் அடுப்புச் சூடு.
சும்மா நின்றால் தன் கனத்திலேயே
நடுவில் தொய்ந்து வளைந்துவிடும்,
பிறகு நேராகச் சுற்றாது.
அதனால் ஒரு சின்ன மோட்டார்
அதை உருட்டிக்கொண்டே இருக்கும்,
ஒரு பல்பைக்கூட எரிக்காத சுற்று,
மூன்று நாள், சில சமயம் நான்கு,
சூடாறும் வரை.
அந்த மோட்டாரை ஓட்டும் மின்சாரம்
காற்றாலையிலிருந்தே வந்திருக்கலாம்.
கம்பிக்குள் போனபின் யார் கண்டது?

ஷிப்ட் முடிந்து வீடு வந்தபோது
எட்டு மணிக்கும் வெளிச்சம் இருந்தது.
ஆர்கிப் சோபாவில்.
சுரங்கத்திலிருந்து அனுப்பிப் பதினோரு நாளாகிறது.
டிவி ஓடுகிறது, அவன் பார்க்கவில்லை.

எழுந்திரு, ஆற்றங்கரை வரை போய்வரலாம் என்றேன்.
எதற்கு என்றான்.
ரொட்டி தீர்ந்துவிட்டது என்றேன்.

ரொட்டி இருக்கிறது.